பெருக்கமும் சுருக்கமும்

ஓசூரைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பொம்மசந்திரா என்னும் ஊர் உள்ளது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று பெரியதொரு தொழிற்பேட்டை. எந்திர உறுப்புகள் செய்யும் தொழிற்கூடங்களும், மருந்துத் தொழிற்சாலைகளும், பெரிய மருத்துவமனைகளும் இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இதனைச் சுற்றிலும் வாழ்கின்றன. 2025 ஆகஸ்டு 10 ஆம் நாள், ஆர். வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ ரயில் பாதை தொடங்கி வைக்கப்பட்டது. அப்பாதையில் நாள்தோறும் சென்று மீளும் நம் இளைஞர்களின் செவியில் ஒலிக்கும் இசை ஒரே வகையினதன்று. ஒருவன் கேட்பது, மின்கிதாரும் வயலினும் பின்னிப் பிணைய, பத்து நிமிடம் விரிந்து செல்லும் ஒரு கீர்த்தனை. அடுத்த இருக்கையில் இருப்பவன் கேட்பது, மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும் வடசென்னைக் கானா.

இவ்விரண்டில் எது உயர்ந்தது? இந்த வினா வீடுகளிலும் எழுகிறது. பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி வகுக்கும் கூட்டங்களிலும் எழுகிறது. கற்றறிந்து பாடும் பாட்டுக்கே மேடை தரவேண்டும் என்பார் ஒரு சாரார். உழைத்துக் களைத்தவன் உள்ளத்தைத் தொடும் பாட்டே பாட்டு என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் இங்கிலாந்து நாட்டில் இதே வழக்கு மிகக் கடுமையாக நடந்தது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு வழக்கையும் சற்று அமைதியாக ஆராயலாம்.

அங்கே மோதிய இரு கட்சிகளில் ஒன்றுக்கு 'புரோகிரெசிவ் ராக்' என்று பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர், இதனை 'முற்போக்கு ராக்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆயினும் அரசியலில் நாம் வழங்கும் முற்போக்கு இங்குப் பொருளன்று. ஐம்பதுகளில் அமெரிக்காவில் தோன்றிய ராக் இசையை அதன் எளிய எல்லையிலிருந்து மேலே கொண்டு செல்லுதல் என்பதே கருத்து. மற்றொரு கட்சிக்குப் 'பங்க்' என்று பெயர். பெட்ரோல் விற்கும் பங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்றுக்கும் உதவாதவன், போக்கிரி என்னும் பொருளில் வழங்கிய வசைச்சொல் அது. அந்த வசையையே அவர்கள் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

முதற்கட்சியின் தோற்றத்துக்கு ஒரு கருவியின் மாற்றமும் காரணம். 1948 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேலும் ஓடும். மறு ஆண்டு ஆர். சி. ஏ. விக்டர் நிறுவனம் கொணர்ந்த சிறு தட்டோ பக்கத்துக்கு ஒரு பாட்டையே தாங்கும். நெடுநாள் வரையில் ராக் இசை அச்சிறு தட்டையே நம்பி வாழ்ந்தது. 1967 இல் பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜெண்ட் பெப்பர்' என்னும் நெடுந்தட்டை ஒரே நினைவோடு அமைந்த படைப்பாக வெளியிட்டனர். அதே ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர் பெரிய வாத்தியக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாளின் பொழுதுகளை இசையாக்கினர். 1969 இல் கிங் கிரிம்சன் என்னும் குழுவின் முதல் தட்டு வந்தது. அதன்பின் வழி திறந்துவிட்டது. 1972 இல் யெஸ் குழுவினர் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டை நிரப்பினர். அதே ஆண்டில் ஜெத்ரோ டல் குழுவினர் இரு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே படைப்பை வழங்கினர்.

நம் இசை மரபில் பழகியவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். இராகம், தானம், பல்லவி என்று ஒரு கருத்தை விரித்துச் செல்லும் முறை நமக்குப் பழையது. நான்கெண்ணிக்கையில் மட்டும் நடந்துகொண்டிருந்த ராக் இசையில் இவர்கள் ஐந்தும் ஏழும் கொண்டுவந்தனர். பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1973 இல் பாடிய, பணத்தைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டு பெரும்பாலும் ஏழெண்ணிக்கையில் செல்வது. மிஸ்ர சாபு தெரிந்தவர் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம். கருத்திலும் இந்தியாவின் சாயல் படிந்தது. பரமஹம்ச யோகானந்தர் 1946 இல் வெளியிட்ட தன்வரலாற்றின் அடிக்குறிப்பு ஒன்றைப் படித்த யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன், அதனைக் கருவாகக் கொண்டு, இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களுக்கும் நான்கே பாட்டுகள் அமையத் திட்டமிட்டார். 1973 இல் அது வெளிவந்தது.

அந்த இரட்டைத் தட்டிலிருந்தே குறைகூறல் வலுத்தது. விரிவு ஓர் அளவைக் கடந்தால் அது கேட்போரின் பொறுமைக்கு வரியாகிவிடும் அன்றோ? அக்குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மன், அப்படைப்பில் மனநிறைவு கொள்ளாது 1974 இல் விலகினார். அவரே மறு ஆண்டில் ஆர்தர் அரசனின் கதையை லண்டனில் பனித்தரைமீது சறுக்கு நடனக்காரர்களுடன் நடத்திக் காட்டினார். 1977 இல் எமர்சன், லேக், பாமர் என்னும் மூவர் குழு, பெரிய வாத்தியக் குழு ஒன்றை உடன் அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் புறப்பட்டது. செலவு தாங்காது, சில நிகழ்ச்சிகளுக்குப் பின் அக்கூட்டத்தைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மேடை உயர உயர, அதன் எதிரே அமர்ந்திருந்தவன் சிறுத்துப்போனான். கிதாரைக் கையில் எடுக்க விரும்பிய ஏழைச் சிறுவனுக்கு, இது நமக்கு எட்டாத கலை என்ற எண்ணமே மிஞ்சியது.

அச்சிறுவனின் நாடும் அப்போது நலமாக இல்லை. 1975 இல் பிரிட்டனில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 24 சதவீதம் ஏறியது. வேலையில்லாதோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டி நின்றது. 1976 இல் அந்நாடு பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டுச் சென்றது. பள்ளி முடித்த பிள்ளைக்கு வேலை இல்லை. பனித்தரையில் ஆடும் ஆர்தர் அரசனால் அவனுக்கு ஆவதொன்றும் இல்லை.

பங்க் இசையின் விதை அமெரிக்காவில் நியூயார்க் நகரிலேயே ஊன்றப்பட்டது. அங்கே 1974 இல் பாடத் தொடங்கிய ரமோன்ஸ் குழுவின் முதல் தட்டு 1976 ஏப்ரலில் வந்தது. பதினான்கு பாட்டுகள்; எல்லாம் சேர்ந்து 29 நிமிடம். யெஸ் குழுவினர் ஒன்றரைப் பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்தில் இவர்கள் கச்சேரியையே முடித்துவிட்டனர் எனலாம். அவ்வாண்டு ஜூலையில் அவர்கள் லண்டன் வந்து பாடினர். லண்டனிலோ செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழு முன்பே கிளம்பியிருந்தது. அதன் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்டின் பெயர் பொறித்த சட்டையில் 'வெறுக்கிறேன்' என்று பொருள்படும் சொல்லைக் கையால் எழுதி அணிந்து திரிந்தவர். 1977 இல் எலிசபெத் அரசியின் ஆட்சி வெள்ளி விழாவின்போது, அரசவாழ்த்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு அக்குழு வெளியிட்ட பாட்டைப் பி. பி. சி. ஒலிபரப்ப மறுத்தது. மறுத்தும் அது விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது.

ஆரவாரத்தைவிட நம் கருத்தைக் கவர்வது அமைதியாக நடந்த வேறொரு செயல். மான்செஸ்டர் நகரத்துப் பஸ்காக்ஸ் குழுவினர், நண்பரிடமும் உறவினரிடமும் 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டுகள் கொண்ட தட்டைத் தாமே பதிப்பித்து வெளியிட்டனர். பெரிய நிறுவனத்தின் வாயிலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பதை அச்செயல் ஊரறியச் செய்தது. அக்காலத்துச் சிற்றிதழ் ஒன்று, கிதாரில் மூன்று சுரக்கூட்டுகளுக்கு விரல் வைக்கும் முறையைப் படம் வரைந்து காட்டி, இவை தெரிந்தால் குழு தொடங்கலாம் என்று வாசகரை அழைத்தது. அழைப்பை ஏற்றுப் பலர் வந்தனர். முன்பு ராக் மேடையில் அரிதாகவே காணப்பட்ட பெண்கள் வந்தனர். சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் என்னும் பெண், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் என்ற குழுவின் தலைவியாக நின்று பாடினார். 1978 ஏப்ரல் 30 ஆம் நாள், லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறியை எதிர்த்துக் கூடிய பெருங்கூட்டத்தில் அவர் குழுவும் கிளாஷ் குழுவும் பாடின.

இரு கட்சியின் வாதங்களையும் இனி நடுவுநிலையில் நின்று கேட்போம். முற்போக்கு ராக் கட்சியினர் கூறுவது: கலை என்பது பயிற்சி; பத்தாண்டு உழைத்தவன் கைக்கும் நேற்று எடுத்தவன் கைக்கும் வேறுபாடு உண்டு; சில உணர்ச்சிகள் மூன்று நிமிடத்தில் அடங்கா; கேட்பவனும் சிறிது உயர்ந்து வருதல் வேண்டும். பங்க் கட்சியினர் கூறுவது: சொல்ல ஒன்று இருப்பவனே பாடவேண்டும், திறமை மட்டும் உள்ளவன் அதனை அலங்காரமாக்கிவிடுவான், பயிற்சிக்குப் பணமும் ஓய்வும் தேவை, அவை எல்லார்க்கும் இல்லை, ஆதலின் பயிற்சியைக் கட்டாயமாக்குவது ஏழையை வெளியே நிறுத்துவதாகும். இவ்விரண்டில் எதனையும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. முதலாவது வாதம் பாட்டைப் பற்றியது. இரண்டாவது பாடும் உரிமையைப் பற்றியது. இரு வேறு வினாக்களுக்கு விடைகூறிக்கொண்டு, ஒரே வினாவுக்கு விடைகூறுவதாக இருவரும் எண்ணியதே வழக்கு நீண்டதற்குக் காரணம்.

பங்க் வந்து முற்போக்கு ராக்கை அழித்தது என்று பலரும் எழுதுவர். வரலாறு அவ்வளவு எளிதன்று. பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' என்னும் இரட்டைத் தட்டு 1979 இல் வெளிவந்து உலகெங்கும் பெருவிற்பனை கண்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோ 1978 ஜனவரியிலேயே கலைந்துவிட்டது. சுருக்கத்தையே கொள்கையாகக் கொண்டு புறப்பட்ட கிளாஷ் குழுவினர், 1979 இறுதியில் பல்வேறு இசைமுறைகளைக் கலந்து தாமும் ஓர் இரட்டைத் தட்டு வெளியிட்டனர். இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. சட்டையில் வெறுப்பை எழுதித் திரிந்த ஜானி ராட்டன், 1977 ஜூலையில் லண்டன் கேபிட்டல் வானொலியில் தமக்குப் பிடித்த தட்டுகளை ஒலிக்கச் செய்தபோது, முற்போக்கு ராக் இசைஞரான பீட்டர் ஹாமிலின் பாட்டுகளும் அவற்றுள் இருந்தன. அதே ஆண்டில் டாம்ன்டு என்னும் பங்க் குழுவின் இரண்டாம் தட்டைத் தயாரித்து உதவியவர், பிங்க் ஃபிளாய்டின் தாளக் கலைஞர் நிக் மேசன். மேடையில் பகைத்தவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறவாடினர். ஒரு கட்சி மற்றதைக் கொல்லவில்லை. அதன் அளவைத் திருத்தியது என்பதே பொருந்தும்.

நம் நாட்டு வரலாற்றிலும் இத்தகைய வழக்கு உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக இயற்றி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றார். இலக்கணக் கடலான பிள்ளையவர்களுக்கு அந்நூலில் இருந்த பிழைகள் உறுத்தின. அவர் நாள் கடத்தினார். ஒருநாள் பாரதியார் வெளியே காத்திருந்தபடி தம் கீர்த்தனையைப் பாட, உள்ளிருந்து கேட்ட புலவர் உள்ளம் உருகிப் பாயிரம் தந்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். நந்தனாரோ நிலமற்ற உழவுத் தொழிலாளி. கோயில் வாயில் அடைக்கப்பட்டவர். அவர் கதையைக் கற்றவரும் கல்லாதவரும் பாடும்படி எளிய மெட்டுகளில் அமைத்த நூல் அது. கற்றோரின் வாயிலும் அந்தப் பாட்டுக்குத் திறந்தது. பிள்ளையவர்கள் இலக்கணத்தைக் கைவிட்டுவிடவில்லை. இலக்கணத்துக்கு அப்பாலும் ஒரு தகுதி உண்டு என்று ஒப்பினார்.

அடுத்த நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் கச்சேரியின் அமைப்பையே மாற்றினார். நீண்ட பல்லவியே பெரும்பொழுதை ஆண்ட நிலைமையைக் குறைத்து, கீர்த்தனைகள் பலவற்றை அடுக்கி, இறுதியில் சிறு உருப்படிகளும் வரும்படி வகுத்தார். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறை அதுவே. விரிவின் உள்ளேயே சுருக்கத்துக்கு இடம் தந்த அறிவுடைமை அது. அதனாற் கருநாடக இசை குன்றவில்லை, கேட்போர் பெருகினர்.

வானொலியும் இவ்வழக்கிலிருந்து தப்பவில்லை. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அந்த விலக்குத் தளர எழுபதுகள் வரவேண்டியிருந்தது. 1952 இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்விய இசையே மக்களுக்கு நல்லது என்று கருதியவர். அவர் காலத்தில் திரைப்பாட்டு வானொலியில் அருகியது. மக்கள் என்ன செய்தனர்? பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957 அக்டோபர் 3 ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டதும், மெல்லிசைக்கும் திரைப்பாட்டுக்கும் நம் நாட்டு வானொலியிலேயே இடம் கிடைத்தது. கேஸ்கர் செவ்விய இசைக்குச் செய்த தொண்டு சிறிதன்று. ஆயினும் ஓர் இசையை வளர்ப்பதற்கு இன்னோர் இசையின் வாயிலை அடைப்பது பயன்தராது என்பதே அந்த ஐந்தாண்டின் பாடம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2002 இல் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்சும், 2007 இல் அயர்ன் மெய்டன் குழுவினரும், 2011 இல் மெட்டாலிகா குழுவினரும் பெங்களூரில் பாடினர். அந்நகரத்திலேயே 'அகம்' என்னும் குழு தோன்றி, தியாகராசர் முதலானோரின் கீர்த்தனைகளை மின்கிதாரோடும் மேனாட்டுத் தாளக் கருவியோடும் விரித்துப் பாடியது. 2012 இல் அதன் முதல் தொகுப்பு வெளிவந்தது. தம் இசையைக் கருநாடக முற்போக்கு ராக் என்றே அவர்கள் குறிப்பிட்டனர். மறுபுறம், சென்னையில் 2018 ஜனவரி 6 ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் அமைத்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சாதியற்றோர் என்னும் கருத்தைத் தன் பெயராகக் கொண்டது. வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் ஒலித்த கானா, பறையோடும் கிதாரோடும் சேர்ந்து, சாதிக் கொடுமையையும் வாழ்வுரிமையையும் அங்கே பாடியது. கானா பாடும் பெண்ணாக அக்குழுவில் நின்ற இசைவாணியின் பெயரை 2020 இல் பி. பி. சி. உலகின் 100 பெண்மணிகள் பட்டியலில் சேர்த்தது.

அகம் என்றும் புறம் என்றும் வாழ்வைப் பகுத்த நம் முன்னோர், ஒன்றை மட்டும் இலக்கியமாகக் கொண்டாரில்லை. விரிந்து ஆழும் இசை அகத்துக்கு வேண்டும். தெருவில் நின்று உரக்க நியாயம் கேட்கும் பாட்டுப் புறத்துக்கு வேண்டும். ஆகவே எது உயர்ந்தது என்பதை விடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய வினாவால் அளத்தல் முறை. விரிந்த இசையை நோக்கி, இவ்விரிவு பொருளுக்காகவா, திறமையைக் காட்டவா என்று கேட்போம். குறும்பாட்டை நோக்கி, இதில் சொல்லவேண்டிய ஒன்று உண்டா, ஆரவாரம் மட்டுமா என்று கேட்போம். இரு வகையிலும் தேறுவன உண்டு, தவறுவனவும் உண்டு.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னுமோர் அக்கறை உள்ளது. பொம்மசந்திராவிலோ அதுபோன்ற வேறோர் ஊரிலோ வளரும் தமிழ்க் குழந்தை, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கிறது. தமிழ் எழுத்தை அது கற்குமுன், பல வீடுகளில் தமிழ்ப் பாட்டே அதன் செவிக்கு எட்டுகிறது. அப்பாட்டுக் கீர்த்தனையாகவும் இருக்கலாம், கானாவாகவும் இருக்கலாம். இது தாழ்ந்தது, பாடாதே என்று பெரியவர்கள் நகைத்தால், குழந்தை உயர்ந்த பாட்டுக்குத் தாவிவிடும் என்று எண்ணவேண்டா; தமிழில் பாடுவதையே நிறுத்திவிடவும் கூடும். பத்தாண்டு வீணை பயின்ற பெண்ணும், இரவு வேலை முடித்து வந்து மேசையில் தாளமிட்டுப் பாடும் இளைஞனும் ஒரே விழா மேடையில் அடுத்தடுத்து நிற்கட்டும். ஒருவர் முடித்ததும் எழுந்து போகாமல், அடுத்தவரையும் இருந்து கேட்போமாக. அவ்வாறு கேட்கும் சபையில் வளரும் குழந்தைக்குத் தன் மொழியில் பாட நாணம் தோன்றாது.